மகள் என்ன படிக்கிறா, அந்த நோட்டுல என்ன இருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்டுக்குக் கிளம்புற அவசரத்துல இருக்கிறவங்க ராத்திரி படிச்சுக்கலாம். ரெண்டு மூணு வெள்ளிக்கிழமையா கோயில்ல என்னை நிறுத்தி ரெண்டே கேள்விதான் கேக்கிறாங்க. ஒண்ணு பழைய கேள்வி: "அண்ணே, உங்க மக யுனிவர்சிட்டியில என்னதான் படிக்குது?" இன்னொண்ணு புதுசு: "மண்டபத்துக்குப் பின்னால உறுமிப் பசங்களோட உக்காந்து எழுதிக்கிட்டு இருந்துச்சே, அந்த நோட்டை ஏன் கமிட்டிக்குக் குடுக்க மாட்டேங்குது?" ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி முடியல. பிரசாத வரிசையில நின்னு அரைகுறையா சொன்னா, அது நாலு வாய் மாறி வேற கதையா என்கிட்டயே திரும்பி வருது. அதனால எழுதிடறேன். நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். எழுத்துல குறை இருந்தா பொறுத்துக்குங்க.

மகள் படிக்கிறது சமூகவியல். அரசாங்கப் பல்கலைக்கழகத்துல மூணாவது வருஷம். எஸ்.டி.பி.எம். முடிச்சு யுபியு-வுல விண்ணப்பிச்சப்ப அதைத்தான் முதல் இடத்துல போட்டா. அவ அம்மாவுக்கு நர்ஸ் ஆக்கணும்னு ஆசை, அது வேற கதை. அதைப் படிச்சா என்ன வேலைன்னு கேக்கிறவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்லிடறேன்: சமூக நல இலாகா, மனித வளம், ஆய்வு வேலை, அரசு சாரா அமைப்பு, வாத்தியார் வேலைன்னு போறாங்க. சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போறவங்களும் உண்டு. எங்க ஃபேக்டரியில மெக்கானிக்கல் படிச்ச பையன் பர்ச்சேசிங்ல உக்காந்திருக்கான், அவனை யாரும் ஏன்னு கேக்கிறதில்ல. பி.டி.பி.டி.என். கடனை அவதான் கட்டணும், அது அவளுக்கும் தெரியும்.

சமூகவியல்ல நிறையப் பிரிவு இருக்கு. அதுல ஒண்ணு இளையோரையும் பதின்ம வயசுப் பிள்ளைகளையும் பத்தின சமூகவியல். போன வருஷம் அதை ஒரு பாடமா எடுத்தா, இந்த வருஷம் கடைசி வருஷ ஆய்வேட்டையும் அதுலயே செய்றா. லீவுக்கு வரும்போது புத்தகத்தைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில போட்டுடுவா. நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூக்கம் வராம உக்காந்திருக்கும்போது "இது என்னம்மா?"ன்னு கேப்பேன். இங்கிலீஷ் எனக்கு மெதுவாத்தான் ஓடும். ஆனா அவ சொல்லச் சொல்ல, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்களைப் பத்தின படிப்பா இருக்கேன்னு பட்டுச்சு.

அவங்க முதல்ல கேக்கிற கேள்வியே இதுதான்: இளைஞன்னா யாரு? நாம வயசைச் சொல்லுவோம். எந்த வயசு? ஐக்கிய நாட்டுச் சபை 15-ல இருந்து 24-ன்னு கணக்கு வைக்குது. நம்ம நாட்டுல 2007-ல வந்த இளைஞர் சட்டம் 15-ல இருந்து 40 வரைக்கும் இளைஞன்னு சொல்லுச்சு. 2019-ல அதைத் திருத்தி 30-ன்னு ஆக்கினாங்க. 16 வயசுல மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம். 2001-ல வந்த சிறார் சட்டப்படி 18 ஆகிற வரைக்கும் சிறார்தான். 18 ஆகாதவனை நான் நைட் ஷிப்ட்ல போட முடியாது. ஓட்டுப் போடுற வயசு 21-ஆ இருந்தது, 2021 டிசம்பர்ல 18 ஆச்சு. ஆக, பழைய கணக்குல 39 வயசுல இளைஞனா இருந்தவன், புதுக் கணக்குல இளைஞன் இல்ல. அவன் உடம்புல ஒரு மாத்தமும் இல்லை. நம்ம கோயில் இளைஞர் பிரிவுத் தலைவருக்கு வயசு 43. (கோவிச்சுக்காதீங்க தலைவரே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.)

நம்ம முன்னோர்களும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வச்சிருந்தாங்க. பெண்ணுக்கு ஏழு பருவம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தைன்னு தமிழ்ப்பள்ளியில வாத்தியார் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கும். அதுல மடந்தைங்கிறது 14-ல இருந்து 19 வயசு வரைக்கும். இந்தக் காலத்துல டீனேஜ்னு சொல்றதோட கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. இதைச் சொன்னதும் மகள் நோட்டுல குறிச்சுக்கிட்டா.

இந்த வயசுப் பிள்ளைங்கன்னாலே கோவம், எதிர்ப்பு, தலைகீழா நிக்கிறதுன்னு ஒரு எண்ணம் இருக்கே, அதைப் புத்தகமா எழுதி நிலைநிறுத்தினவர் அமெரிக்காவுல ஸ்டான்லி ஹால்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர். 1904-ல ரெண்டு தடி வால்யூம். பதின்ம வயசுன்னா புயல் அடிக்கிற காலம், அது இயற்கைன்னு சொன்னார். அப்புறம் 1925-ல மார்கரெட் மீட்னு ஒரு பொண்ணு, வயசு 23, கப்பல் ஏறி பசிபிக் கடல்ல இருக்கிற சமோவாத் தீவுக்குப் போச்சு. அங்க வயசுப் பொண்ணுங்க அமைதியாத்தான் வளருறாங்க, அப்ப இது இயற்கை இல்ல, வளர்க்கிற சமுதாயத்தைப் பொறுத்ததுன்னு 1928-ல புத்தகம் போட்டாங்க. உலகம் பூரா அந்தப் புத்தகம் போச்சு. 1983-ல டெரெக் ஃப்ரீமன்னு ஒருத்தர், அவங்க சமோவாவைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எதிர்ப் புத்தகம் எழுதினார். அந்தம்மா அதுக்கு அஞ்சு வருஷம் முந்தியே இறந்துட்டாங்க, பதில் சொல்ல முடியல. யார் சொன்னது சரின்னு இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்களாம்.

எனக்கு சமோவா தெரியாது, தோட்டம் தெரியும். எங்கம்மா 12 வயசுல மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் விடியக்காலை காட்டுக்குப் போனவங்க. எங்க அக்கா வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க, 17-ல கல்யாணம். அவங்க ரெண்டு பேருக்கும் விடலைப் பருவம்னு ஒண்ணு எங்க இருந்துச்சு? பிள்ளையா இருந்தாங்க, அடுத்த நாள் பொம்பளையா ஆக்கிட்டாங்க. நான் ஃபாரம் ஃபைவ் வரைக்கும் போனதாலதான் எனக்கு அந்த அஞ்சாறு வருஷம் கிடைச்சது. சைக்கிள்ள சுத்தினது, திரையரங்கு வாசல்ல நின்னது எல்லாம் அந்த வருஷங்கள்ல. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாம பள்ளிக்கூடத்துல வைக்க ஆரம்பிச்ச பிறகுதான் இந்தப் பருவமே நீண்டுச்சுன்னு அவங்க பாடத்துல இருக்காம். அதுக்கு எங்கம்மாவைக் கேட்டாலே போதும்னு சொன்னேன். "அவங்களைத்தான்பா முதல்ல பேட்டி எடுத்தேன்"னா.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகத்துக்கு வரேன். பால் வில்லிஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 1977-ல எழுதினது. 'லேர்னிங் டு லேபர்'னு பேரு. அந்த நாட்டு நடுப்பகுதியில ஒரு தொழிற்சாலை நகரம். அங்க தொழிலாளி வீட்டுப் பசங்க 12 பேரோட பழகி, அவங்க பள்ளிக்கூடம் முடிக்கிறதுல இருந்து வேலைக்குப் போற வரைக்கும் கூடவே இருந்து எழுதியிருக்கார். பசங்க வாத்தியாரை மதிக்க மாட்டானுங்க. கிளாஸ்ல இருந்து நழுவுவானுங்க. சொன்னதைக் கேட்டு ஒழுங்கா உக்காந்திருக்கிற பசங்களைக் காது ஓட்டைன்னு பட்டப்பேரு வச்சுக் கிண்டல் பண்ணுவானுங்க, ஏன்னா அவனுங்க கேட்டுக்கிட்டே இருக்கானுங்களாம். பேப்பரும் பேனாவும் ஆம்பளைக்குரிய வேலை இல்லைன்னு ஒரு பெருமை. வில்லிஸ் என்ன சொல்றார்னா, இந்தப் பசங்க முட்டாளுங்க இல்ல. படிச்சாலும் தங்களை மாதிரி ஆளுங்கள்ல ஒருத்தன் ரெண்டு பேர்தான் மேல போக முடியும், மத்தவங்களுக்கு அந்த சர்டிபிகேட்டால பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு பாதி புரிஞ்சு வச்சிருந்தானுங்க. ஆனா அந்தப் புரிதலை வச்சு அவனுங்க செஞ்ச எதிர்ப்பே அவனுங்களை நேரா ஃபேக்டரி வாசல்ல கொண்டு போய் விட்டுடுச்சு. யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல. அவனுங்களே சிரிச்சுக்கிட்டே நடந்து போனானுங்க.

பிறையில 29 வருஷமா அந்த வாசல்ல நிக்கிறவன் நான். எஸ்.பி.எம். முடிஞ்ச அடுத்த மாசம் வருவானுங்க, முடிக்காதவனும் வருவான். பள்ளிக்கூடத்துல வாத்தியார் முதுகுக்குப் பின்னால சிரிச்ச அதே சிரிப்பை இங்க என் முதுகுக்குப் பின்னால சிரிப்பானுங்க. பத்து நிமிஷ ரெஸ்ட்டைப் பதினெட்டு நிமிஷமா இழுக்கிற வித்தை, லைன் வேகத்தை யாருக்கும் தெரியாம குறைக்கிற வித்தை, புதுசா வந்தவனை கிண்டல் பண்ணிப் பண்ணியே சேர்த்துக்கிறது எல்லாமே அந்தப் புத்தகத்துல இருக்கு. 1970-கள்ல இங்கிலாந்துல ஒரு வெள்ளைக்காரன் எழுதினதுல என் லைன் இருக்குது. படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, வயித்தையும் கலக்குச்சு.

இதுல ஒரு இடத்துல மகளோட எனக்கு ஒத்துப் போகல. வில்லிஸோட பசங்களுக்கு வாசல்ல வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் புத்தகம் வந்து கொஞ்ச வருஷத்துலயே இங்கிலாந்துல அந்த மாதிரி ஃபேக்டரிங்க வரிசையா மூடினாங்க. நம்ம பசங்களுக்கு அந்த வாசலே குறுகிக்கிட்டு வருது. எங்க இடத்துல 30 பேர் நின்ன லைன்ல இப்ப மெஷின் கை ஓடுது, ஒன்பது பேர் பாத்துக்கிறாங்க. அதனால பள்ளிக்கூடத்துல ஒழுங்கா உக்காருங்கடான்னு கண்டிக்கிறதை நான் விட மாட்டேன். எதிர்ப்புல அர்த்தம் இருக்குன்னு புத்தகம் சொல்லட்டும். அர்த்தத்தை வச்சு கார் தவணை கட்ட முடியாது. அவளும் விடல. "தமிழ்ப்பள்ளியில இருந்து போய், மலாய்ல மார்க் வரலைன்னு ஒரு வருஷம் புகுமுக வகுப்புல உக்கார வைக்கிறாங்களேப்பா, கூடப் படிச்சவன்லாம் ஃபாரம் ஒன்னுக்குப் போறான், இவன் பின்னால நிக்கிறான். அந்த 13 வயசுப் பையன்கிட்ட ஒழுங்கா உக்காருன்னு மட்டும் சொன்னா போதுமா?"ன்னா. அதுக்கு நான் பதில் சொல்லல. எங்க வீட்டுல ரெண்டு பேரும் அந்த இடத்துலதான் இன்னும் நிக்கிறோம்.

சரி, உறுமிப் பசங்க விஷயத்துக்கு வரேன்.

அவ ஆய்வேடு நம்ம கோயில்ல உறுமி அடிக்கிற 14 பசங்களைப் பத்தினது. கோயிலுக்கு ஆய்வாளர் வர்றது புதுசு இல்ல. நம்ம பினாங்குத் தைப்பூசத்தைப் பத்தி எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ்னு ஒரு அம்மா எழுதின புத்தகம் 1997-லயே வந்திருக்கு. கார்ல் வடிவேல்லா பெல்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் மலேசியத் தைப்பூசத்தைப் பத்தி எழுதின புத்தகம் 2017-ல வந்துச்சு. வெளியூர் ஆளுங்க வந்து உக்காந்து எழுதினப்ப நாம மோர் குடுத்து உபசரிச்சிருப்போம். நம்ம மண்டபத்துல தவழ்ந்து வளர்ந்த பொண்ணு நோட்டைத் திறந்ததும்தான் "பொம்பளப் புள்ளைக்குப் பசங்களோட என்ன பேச்சு"ன்னு வருது. அந்தப் பேச்சை இதோட விட்டுடலாம். அவ உக்காந்தது மண்டபத்துப் பின்வாசல் திண்ணை. எல்லாரும் கடந்து போற இடம். பசங்க அவளை அக்கான்னு கூப்பிடறானுங்க.

இப்படிக் கூட உக்காந்து பாக்கிறது அந்தப் படிப்புல பழைய முறை. வில்லியம் ஃபுட் வைட்னு ஒருத்தர் அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல, இத்தாலியில இருந்து வந்த குடும்பங்க இருந்த வட்டாரத்துல போய்க் குடியிருந்து, தெருமுனையில நிக்கிற பசங்களோட வருஷக்கணக்கா பழகினார். 1943-ல புத்தகம் போட்டார். வெளியில இருக்கிறவங்க அந்த வட்டாரத்தை ஒழுங்கில்லாத இடம்னு சொன்னாங்க. இவர் உள்ள போய்ப் பாத்தா கட்டுக்கோப்பு ரொம்ப இறுக்கம். யார் தலைவன், யார் யாருக்குக் காசு குடுப்பான், யார் பேச்சை யார் மீறக்கூடாது, எல்லாத்துக்கும் கணக்கு இருந்துச்சு. அவனுங்க பௌலிங் ஆடுவானுங்களாம். மத்த நாள்ல நல்லா ஆடுற சின்ன ஆள், கும்பல் முன்னால பெரிய ஆளோட மோதும்போது மட்டும் தோத்துடுவான். கூட இருக்கிறவனுங்க கத்திக் கத்தியே அவனை அவன் இடத்துல உக்கார வச்சிடுவானுங்க.

நம்ம பசங்களைக் கொஞ்சம் நின்னு பாத்தா இது உங்களுக்கே தெரியும். இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. நடுவுல நின்னு அடிக்கிறவன் எப்பவும் ஒரே ஆள்தான். அவனை விட நல்லா அடிக்கிற ஒருத்தன் ஓரத்துல நிக்கிறான், நடுவுக்கு வர மாட்டான். தண்ணி பாட்டில் தூக்கறவனுக்கு மூணாவது வருஷமும் பாட்டில்தான். உறுமி வார் அறுந்துச்சுன்னா ஓடிப் போறவன் ஒருத்தன், காசு குடுக்கிறவன் ஒருத்தன். இவ்வளவு கட்டுப்பாடு நம்ம கமிட்டியில இருந்தா மீட்டிங் ஒன்பது மணிக்கே முடிஞ்சிடும்.

போன ஆடித் திருவிழாவுல நடந்ததையும் பேசாம விட முடியாது. நான் கயித்துக்கிட்ட டூட்டியில இருந்தேன், கண்ணால பாத்தேன். வெளியில இருந்து வந்த ஒரு குழுவும் நம்ம பசங்களும் ரத ஊர்வலத்துல தள்ளிக்கிட்டானுங்க. ஒரு உறுமி கிழிஞ்சது. ஒரு பையனுக்குப் புருவத்துல ரத்தம். அஞ்சு நிமிஷத்துல பிரிச்சு விட்டோம். ஆத்தா ரதத்துக்கு முன்னால ரத்தம் சிந்தினது சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா புலனத்துல சுத்தின 40 விநாடி வீடியோ ராத்திரிக்குள்ள பாராங் வெட்டுன்னு ஆச்சு. மறுநாள் எங்க ஃபேக்டரியில ஒரு மலாய்க்கார நண்பர் "உங்க கோயில்ல ஆள் செத்துட்டாங்களாமே"ன்னு கேட்டார்.

ஸ்டான்லி கோஹன்னு ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணை வச்சுத்தான் 1972-ல புத்தகம் எழுதினார். 1964 ஈஸ்டர் லீவுல இங்கிலாந்துல கிளாக்டன்னு ஒரு கடற்கரை ஊர். நல்ல குளிர். பொழுது போகாத பசங்க ரெண்டு கோஷ்டியா சண்டை போட்டு, கண்ணாடி சிலது உடைஞ்சது. பத்திரிகையில ஊரே நாசமான மாதிரி தலைப்பு. அப்புறம் போலீஸ் ஜாஸ்தி, கெடுபிடி ஜாஸ்தி, அதை வேடிக்கை பாக்க அடுத்த லீவுக்கு வந்த பசங்களும் ஜாஸ்தி. எந்தக் கோஷ்டியிலயும் இல்லாதவன்கூட ஒரு கோஷ்டி பேரைச் சொல்லிக்க ஆரம்பிச்சானாம். சின்னக் குற்றத்துல இருந்து ஒரு பூச்சாண்டியை உண்டாக்கி, கடைசியில பசங்க அந்தப் பூச்சாண்டி வேஷத்தையே போட்டுக்கிறதை அவர் படிப்படியாக் காட்டியிருக்கார்.

இதுக்காக நம்ம சமுதாயத்துல குண்டர் கும்பல் கிடையாதுன்னு யாரும் சொல்லிட முடியாது. 2013-ல உள்துறை அமைச்சு 49 கும்பல்களோட பேரை வெளியிட்டுச்சு, அதுல இந்தியர்கள்தான் அதிகம்னு பத்திரிகையில படிச்சோம். நம்பர் போட்ட சட்டையோட காவடிக்கு முன்னால ஆடறவனை நானே வெளிய அனுப்பியிருக்கேன், இன்னமும் அனுப்புவேன். ஆனா உறுமி தூக்கறவன் எல்லாரையும் அந்தக் கணக்குல சேர்க்கிறது வேற விஷயம்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் படிப்புலயே ரொம்ப காலம் இளைஞன்னா பையன்தான். தெருவுல நிக்கிறவன், சண்டை போடறவன், மோட்டார் ஓட்டுறவனைப் பத்தியே எழுதிக்கிட்டு இருந்தாங்க. 1976-ல ஏஞ்செலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் "பொண்ணுங்க எங்க?"ன்னு கேட்டு ஒரு கட்டுரை எழுதினாங்களாம். பொண்ணுங்க தெருவுல இல்ல, வீட்டுக்குள்ள, அவங்க ரூமுக்குள்ள சிநேகிதிகளோட இருக்காங்க, அதனால ஆய்வாளர் கண்ணுல படலைன்னு. இதைச் சொல்லிட்டு மகள் என்னைப் பாத்து, "நான் 13 வயசுல இருந்து நம்ம கோயில்ல பூ கட்டறேன்பா. என்னை யாராவது இளைஞர் பிரிவுன்னு சொல்லியிருக்காங்களா? வயசுப் பொண்ணுன்னுதான் சொன்னாங்க"ன்னா. கோலம் போடற பிள்ளைங்க, தேவாரம் பாடற பிள்ளைங்க, அன்னதானத்துல இலை போடற பிள்ளைங்கன்னு எண்ணினா உறுமிப் பசங்களைவிட அதிகம் இருக்கும். இளைஞர் பிரிவுப் பட்டியல்ல இன்னைக்குத் தேதியில ஒரு பொண்ணு பேரும் இல்ல.

இப்ப நோட்டு விஷயம்.

ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அவ ஒவ்வொரு பையனுக்கும் ரெண்டு பக்கக் கடிதம் குடுத்தா. தமிழ்லயும் மலாய்லயும் இருந்துச்சு. 18 ஆகாதவனுக்கு அப்பா அம்மா கையெழுத்து. அதுல எழுதியிருந்தது: உன் உண்மையான பேரு எங்கயும் வராது. பிடிக்கலைன்னா எப்ப வேணா விலகிக்கலாம். நீ சொன்னதை இன்னாரு சொன்னாருன்னு கோயில், பள்ளிக்கூடம், போலீஸ், குடும்பம் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யார் உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லியாகணும், அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான். அவ விரிவுரையாளர் சரி பாத்து, பல்கலைக்கழகம் அனுமதிச்ச பிறகுதான் பேச்சையே ஆரம்பிச்சா.

போன மாசம் கமிட்டியில ஒரு மூத்தவர் அவளைக் கூப்பிட்டு, போன வருஷச் சண்டையை யார் ஆரம்பிச்சான், யார் யாருக்கு வெளித் தொடர்பு இருக்கு, நோட்டைப் பாத்து ஒரு லிஸ்ட் குடும்மான்னு கேட்டார். தப்பான எண்ணத்துல கேக்கல. இந்த ஆடி அமைதியா நடக்கணும்ங்கிற கவலை அவருக்கு. இவ முடியாதுன்னுட்டா. குரலை உசத்தல, "மன்னிச்சுக்குங்க ஐயா, அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்"ன்னா. "கோயிலை விட யுனிவர்சிட்டி பெருசா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அன்னையில இருந்து எங்களோட முகம் குடுத்துப் பேசாதவங்க சில பேர் இருக்காங்க. எங்க வீட்டம்மா ரெண்டு வெள்ளியா கோயிலுக்கு வரல. 20 வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம விளக்கு ஏத்தினவங்க. அது எனக்கு வலிக்குது. மறைக்க வேண்டிய விஷயமா எனக்குத் தோணல, அதான் எழுதறேன்.

நான் மகள் பக்கம். பெத்த பாசத்துல இதைச் சொல்லல. ஃபேக்டரியில 'நியர் மிஸ்' பெட்டின்னு ஒண்ணு இருக்கும். அடிபடல, ஆனா அடிபட்டிருக்கும்ங்கிற மாதிரி ஏதாவது பாத்தா, பேரு போடாம கார்டு எழுதிப் போடலாம். நான் முன்ன வேலை பாத்த இடத்துல புதுசா வந்த மேனேஜர், கார்டுல இருந்த கையெழுத்தை வச்சு யார் எழுதினான்னு தேடிப் பிடிச்சு, எல்லார் முன்னாலயும் நிறுத்திக் கேள்வி கேட்டார். அதுக்கப்புறம் எட்டு மாசம் பெட்டி காலி. மீட்டிங்ல அதையே காட்டி ஆபத்தே இல்லைன்னு பெருமை பேசினாங்க. ஒன்பதாவது மாசம் பிரஸ் மெஷின்ல ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு. அந்த மெஷின்ல சென்சாரை டேப் போட்டு மறைச்சிருந்தது லைன்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் எழுதல.

இந்த நோட்டை இன்னைக்கு வாங்கிட்டா, நாளைக்கு நம்ம பசங்க யாரும் எந்த அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் வாய் திறக்க மாட்டானுங்க. அவகிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "யார் உயிருக்காவது ஆபத்து இருக்காம்மா?" "இல்லப்பா." அதோட விட்டுட்டேன். நோட்டு எங்க வீட்டுலதான் இருக்கு, நானும் திறந்து பாக்கல.

பசங்க சம்மதத்தோட, பேரு இல்லாம, ஒரு பக்கம் எழுதி கமிட்டிக்குக் குடுத்திருக்கா. அது தலைவர் ஐயாகிட்ட இருக்கு, யார் வேணா வாங்கிப் படிக்கலாம். அதுல பசங்க சொன்னதுல முக்கால்வாசி சண்டையைப் பத்தினது இல்ல. ரதம் தள்ளவும் கேஸ் தோம்பு தூக்கவும் மட்டும் கூப்பிடறாங்க, எந்தப் பாதையில ஊர்வலம் போகுதுன்னுகூட எங்களுக்கு முன்கூட்டியே சொல்றதில்லன்னு இருக்கு. வீட்டுல ஒருத்தர் நைட், ஒருத்தர் பகல் வேலை, கோயிலுக்கு வந்தாத்தான் கூட உக்கார ஆள் இருக்குன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். கோயில்ல பெரியவங்க உங்களைப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்களான்னு அவ கேட்டிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்கானுங்க. 14 பேர்ல மூணு பேருக்குத்தான் ஆமான்னு பதில். மத்தவனுங்களுக்கு டேய், தம்பி, உறுமிப் பையா.

லிஸ்ட் கேட்டவங்க யோசிச்சுப் பாருங்க. அந்த 14 பேர்ல எத்தனை பேரோட பேரு நமக்குத் தெரியும்?

வர்ற ஞாயித்துக்கிழமை காலை பூசை முடிஞ்சு 10 மணிக்கு ஆடித் திருவிழாக் கூட்டம். உறுமிக் குழுவை இந்த வருஷம் நிறுத்தணும்ங்கிற தீர்மானம் வருது. நான் எதிர்த்துப் பேசுவேன். என் தரப்புல மூணு கோரிக்கை வைக்கப் போறேன். பசங்கள்ல ரெண்டு பேரையாவது கூட்டத்துல உக்கார வச்சு அவனுங்க வாயாலயே பேச விடணும். ஊர்வலப் பாதை, நேரம், வெளிக்குழு எங்க நிக்கணும்ங்கிறதை அவனுங்களோட சேர்ந்து முடிவு பண்ணணும். பூ கட்டற பிள்ளைகள்ல விருப்பம் உள்ளவங்க பேரை இளைஞர் பிரிவுல சேர்க்கணும். ஒத்துக்காதவங்களும் கண்டிப்பா வாங்க. முகத்துக்கு நேரா பேசிக்கலாம், புலனத்துல வேண்டாம். மகளுக்குத் தேர்வு இருக்கு, வர மாட்டா. அவளைக் கேக்க வேண்டியதை என்னைக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

சனிக்கிழமை சாயந்தரம் 5 மணிக்கு காய் நறுக்க நாலு பேர் வேணும். கத்தி பலகை எல்லாம் இருக்கு. தேங்காய் துருவற மெஷின் ரிப்பேர், வீட்டுல துருவி வச்சிருக்கிறவங்க எடுத்துட்டு வந்தா புண்ணியமாப் போகும்.

ஓம் சக்தி.